வழக்கும் அறமும்: கமுதிக் கோயில் வழக்கின் வரலாறு

தமிழில் 'வழக்கு' என்னும் ஒரு சொல்லே இருவேறு பொருள் தந்து நிற்றலை இலக்கணம் பயின்றார் யாவரும் அறிவர். மக்கள் தொன்றுதொட்டுக் கையாண்டுவரும் முறை வழக்கு எனப்படும். இருதிறத்தார் ஒன்றைக் குறித்து மாறுபட்டு நீதிமன்றம் ஏறிச் சொல்லாடுவதும் வழக்கு எனப்படும். முன்னையதைப் பழக்கவழக்கம் என்றும் பின்னையதை வியாச்சியம் என்றும் உலகியலில் பிரித்துக் கூறுகின்றோம். இவ்விரு வழக்கும் ஒன்றையொன்று எதிர்த்து நின்ற நிகழ்ச்சியொன்று நம் குலத்தார் வரலாற்றில் உண்டு. கமுதிக் கோயில் வழக்கென்று முதியோர் பேச நீங்கள் கேட்டிருத்தல் கூடும். நம் இளைஞருட் பலர், 'அக்காலத்தில் நம்மைக் கோயிலுக்குள் விடக்கூடாதென்று வழக்காடினார்களாம்' என்ற அளவில் அறிந்து அமைகின்றனர். அவ்வளவில் அமைதல் போதாது. அவ்வழக்கின் உள்ளீடாகிய வினா, சட்டத்திற்கும் அறத்திற்கும் உள்ள உறவு யாது என்பது. அது பிறர் நம்மை நோக்கிக் கேட்கும் வினாவாகவும் ஒருநாள் திரும்பக் கூடியது.

முதற்கண் நிகழ்ந்ததைக் கூறுவல். இராமநாதபுரம் ஜமீனைச் சேர்ந்த கமுதியில் மீனாட்சி சுந்தரேசுவரர் திருக்கோயில் ஒன்று உண்டு. அதன் பரம்பரைத் தர்மகர்த்தர் சேதுபதி மன்னர். கமுதியில் நம் குலத்தார் வாணிகத்தால் மேம்பட்டிருந்தனர். எனினும் கோயிலின் புறத்தே நின்று கும்பிடுதலே அவர்க்கு உரியது என்பது அக்காலத்து ஏனையோர் கொள்கை. 1897-ஆம் ஆண்டு மே மாதம் 14-ஆம் நாள் நம்மவர் சிலர் கோயிலினுட் புகுந்து வழிபட்டனர். உடனே, அவர்க்கு உள்ளே புகும் உரிமை இல்லை என்று தீர்ப்பளிக்க வேண்டியும், கோயிலைப் புனிதஞ் செய்தற்குரிய பொருளை அவரே தரவேண்டும் என்றும், தர்மகர்த்தராகிய பாஸ்கர சேதுபதி பெயரால் மதுரைச் சப்-கோர்ட்டில் வழக்குத் தொடுக்கப்பட்டது. அவ்வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே, 1899 ஜூன் 6-ஆம் நாள், சிவகாசியில் பெருங்கலகம் விளைந்தது. அக்கலகத்தின் துயரை ஈண்டு விரிக்கின்றிலேன். வீடிழந்தார் கதையை நம் வீடுகளிலேயே பாட்டிமார் போதுமான அளவு சொல்லியிருக்கின்றனர். பழைய பகையைத் தூண்டுதல் இக்கட்டுரையின் நோக்கமும் அன்று. அக்கலகம் ஓய்ந்த சின்னாளில், 1899 ஜூலையில், கமுதி வழக்கில் நம்மவர்க்கு மாறாகத் தீர்ப்பு வந்தது. சென்னை ஹைகோர்ட்டும் அதனை உறுதி செய்தது. இறுதியாக இலண்டனில் பிரிவி கௌன்சில் 1908-ஆம் ஆண்டு அதனையே நிலைநிறுத்தியது.

இத்தீர்ப்புகள் எந்த நூலை ஆதாரமாகக் கொண்டன என்பது அறியத்தக்கது. ஆகமங்கள் எடுத்துப் பேசப்பட்டன என்பது மெய்யே. ஆயினும் ஆகமத்தினும் வலியதாக நின்றது வழக்காறு என்னும் ஆதாரமே. வழக்காற்றுக்கு இவ்வளவு வலிமை எவ்வாறு வந்தது என்று ஆராயப் புகுவோமாயின், நாம் நாற்பதாண்டு பின்சென்று அதே இராமநாதபுரம் அரண்மனைக்கு வருவோம். இஃது எனக்கு மிகவும் வியப்பளித்த செய்தி.

அந்நாளில் சேதுபதி மரபில் ஆண் மகவின்றி ஒருவர் இறந்தார். அவர்தம் கைம்பெண் தேவியாகிய பர்வதவர்த்தனி நாச்சியார், கணவன் உயிரோடிருந்தபோது அனுமதி தராதிருந்தும், சுற்றத்தார் உடன்பாட்டைப் பெற்று ஒரு மைந்தரைச் சுவீகாரம் செய்துகொண்டார். மதுரை கலெக்டர் இதனை ஏற்கவில்லை. வாரிசின்றி நின்ற ஜமீன் அரசாங்கத்தைச் சேரும் என்பது கலெக்டர் தரப்பின் வாதம். கணவன் அனுமதியின்றிக் கைம்பெண் சுவீகாரம் செய்தல் சாத்திரத்திற்கு ஏற்குமா என்பது பற்றி நூல்களெல்லாம் புரட்டப்பட்டன. 1868-ஆம் ஆண்டு பிரிவி கௌன்சில் அம்மையார் பக்கம் தீர்ப்புரைத்தது. திராவிட தேயத்தில் சுற்றத்தார் இசைவு பெற்ற கைம்பெண் செய்த சுவீகாரம் செல்லும் என்றது. அத்தீர்ப்பினுள்ளே, இந்து தருமத்தில் ஒரு வழக்காறு ஐயமற நிறுவப்படுமாயின் அஃது எழுதப்பட்ட நூல்விதியையும் வெல்லும் என்னும் கருத்தும் அமைந்தது. இந்நாட்டு நீதிமன்றங்களில் அதன்பின் எழுந்த எத்தனையோ வழக்குகளுக்கு அக்கருத்தே அடிப்படை ஆயிற்று.

அங்ஙனம் சுவீகாரம் செய்யப்பட்டவர் முத்துராமலிங்க சேதுபதி. அவர் மைந்தரே பாஸ்கர சேதுபதி. ஆகவே, நம்மவரைக் கோயிலினின்று விலக்கிய வழக்கின் வாதியார், தம் பட்டத்தையே வழக்காறு நூலை வெல்லும் என்னும் அக்கொள்கையால் பெற்றவர் ஆவர். ஒரு கைம்பெண்ணுக்குக் கைகொடுத்த அதே கொள்கை, நாற்பதாண்டு கழித்து ஒரு குலத்தார் முகத்தில் கதவை அடைத்தது.

வழக்காறு எனின் தீயது என்று எண்ணிவிடுதல் பிழை என்பது இதனால் விளங்கும். வழக்காற்றைப் போற்றுவோர் பக்கமும் நியாயம் உண்டு. ஜெர்மனி தேயத்துச் சட்டப் பேரறிஞர் சவின்யி என்பார் 1814-இல் எழுதிய நூலில், ஒரு நாட்டுச் சட்டம் அந்நாட்டு மொழியைப் போன்றது. அரசன் கட்டளையால் ஒருநாளில் பிறப்பதன்று. மக்கள் வாழ்வினின்று தானே முளைத்து வளர்வது என்று வற்புறுத்தினார். மேலிருந்து ஒருவன் வகுத்த விதி கீழுள்ளார் வாழ்க்கையை அறியாமல் அவரை நசுக்கக்கூடும். வழக்காறோ அவர் கையாலேயே இழைக்கப்பட்டது. இதற்கு மாறாக ஆங்கில அறிஞர் ஆஸ்டின், வழக்காறு தானாகச் சட்டம் ஆகாது, நீதிமன்றமேனும் அரசாங்கமேனும் அதனைக் கைக்கொண்டபோதே சட்டம் ஆகும் என்றார். ஆஸ்டின் கூற்றை ஒப்புவோமாயின் ஒரு முடிபு தானே பெறப்படும். வழக்காற்றைச் சட்டமாக்கும் நீதிபதி, 'இருந்ததைச் சொன்னேன். நான் ஒன்றும் செய்யவில்லை' என்று கைகழுவ இயலாது. எடுத்துக்கொள்வதும் விடுவதும் அவர் செயலே.

சட்டம் மொழியைப் போன்றது என்னும் உவமை தமிழ் பயின்றார்க்கு மிக இனியது. அவ்வுவமையை நம் இலக்கணத்தார் வழியே சிறிது நீட்டிப் பார்ப்போம். பவணந்தி முனிவர் நன்னூலை முடிக்குங்கால், காலவகையினால் பழைய முறைகள் சில வீழ்தலும் புதியன சில வந்தேறுதலும் குற்றமல்ல என்று விதித்தார். வழக்கையே உயிராகக் கொண்ட இலக்கணநூல் வழக்கின் மாற்றத்திற்கும் இடம் வைத்தது. நீதிமன்றத்தார் கைக்கொண்ட வழக்காறோ அத்தகையதன்று. பன்னெடுங்காலம் மாறாது வந்தது என்று நிறுவினாலன்றி அது செல்லாது. ஒருமுறை தீர்ப்பில் எழுதப்பட்டபின் மாறவும் மாட்டாது. உயிருள்ள மரத்தை வெட்டி உத்தரமாக்கிவிட்டு, மரம் என்றே அதனைத் தொடர்ந்து வழங்குவது போன்றது அது. மற்றொன்றும் காண்க. தொல்காப்பியர் வழக்கென்பது உயர்ந்தோரைச் சார்ந்தது என்றார். உயர்ந்தோர் யார் என்னும் வினாவுக்கு அறிவும் ஒழுக்கமும் உடையார் என்று விடை கூறுதல் தமிழாசிரியர் மரபு. பிறப்பினால் உயர்ந்தோர் என்று கொண்டுவிட்டால், எது வழக்கு என்று கேட்கும்போதே விடையும் முடிந்துபோகின்றது.

இனி, வழக்காறு எவ்வாறு நிறுவப்பட்டது? சாட்சிகள் வந்து, தங்கள் அறிவுக்கெட்டிய காலம் முதல் இக்குலத்தார் உள்ளே வந்ததில்லை என்று கூறினர். அதுவே சான்று. ஈண்டு ஒரு நுட்பம் உண்டு. சட்டம் பயிலும் நம் இளைஞர் இதனைச் சிறிது நின்று கருதுதல் வேண்டும். ஒருவன் உள்ளே வாராமைக்குக் காரணம் இரண்டு உளவாகலாம்: வர வேண்டாம் என்று தானே அமைதல் ஒன்று, வந்தால் அடிபடுவோம் என்று அஞ்சுதல் ஒன்று. முன்னையது உடன்பாடு, பின்னையது ஒடுக்கம். புறத்தே நின்று பார்ப்பார்க்கு இரண்டும் ஒரேவண்ணம் தோன்றும். சாட்சிக்கூண்டில் ஏறுவோன் கண்டது 'வரவில்லை' என்பது மட்டுமே. ஏன் வரவில்லை என்பதை அவன் காணான், காண விரும்பவும் மாட்டான். அச்சத்தால் விலகி நின்ற ஆண்டுகள் அனைத்தும், விலகி நின்றவர்க்கே எதிராகச் சாட்சி சொல்லின. எத்துணைக் காலம் ஒடுக்கப்பட்டிருந்தாரோ அத்துணைக்கு அவ்வொடுக்கம் சட்டத்தின் கண்ணில் உறுதிபெற்றது. வழக்காறு தன்னால் ஆளப்படுவார் அனைவருடைய இசைவினாலும் உண்டாவது என்பதற்காகவே அதனை மதிக்கின்றோம். இசைவில்லாத இடத்தில் அம்மதிப்பிற்கு வேர் யாது?

நம்மவர் இக்கேள்வியை மன்றத்தில் எழுப்பியிருக்கலாம். அவர்கள் பெரிதும் எழுப்பியது வேறு. தாங்கள் பாண்டிய மரபினர், க்ஷத்திரியர். ஆகலின் உள்ளே புகும் தகுதி உடையோம் என்று வாதித்தனர். அக்காலத்தில் இதற்கெனப் பல சிறு நூல்கள் அச்சிடப்பட்டன. பழம்பாடல்களிலிருந்தும் செப்பேடுகளிலிருந்தும் மேற்கோள்கள் திரட்டப்பட்டன. அந்நூல்களில் உள்ள தமிழறிவை யான் குறைத்துக் கூறேன். சிலவற்றில் உழைப்பு மிகுதி. ஹைகோர்ட்டு நீதிபதிகளோ அவ்வுரிமைக்குச் சிறிதும் சான்றில்லை என்று தள்ளினர். தள்ளியது வருந்தத்தக்கதாயினும், அதனினும் வருந்தத்தக்கது அவ்வாதம் ஒப்புக்கொண்டுவிட்ட செய்தி. 'நாங்கள் மேற்படியில் உள்ளோம்' என்பவன் படிகள் உண்டு என்பதை முன்னரே ஒப்புகின்றான். கீழ்ப்படியில் ஒருவன் நிற்பதும், அவனை உள்ளே விடாமையும் அவனுக்குக் குறையாகத் தோன்றுவதில்லை. நம் முன்னோர் வாதம் வென்றிருக்குமானால், நமக்குத் திறந்த கதவு நமக்குப் பின்னால் உடனே மூடியிருக்கும். மூடியது நியாயம் என்று நம் பெயராலேயே தீர்ப்பு எழுதப்பட்டிருக்கும்.

இதனால் முன்னோரைப் பழித்தேன் என்று கொள்ளற்க. 'நீ யார்?' என்று கேட்கும் மன்றத்தில் 'நான் மனிதன்' என்னும் விடைக்கு அந்நாளில் சட்டமதிப்பு இருக்கவில்லை. குலத்தின் பெயராலேயே விடை கூறவேண்டியிருந்தது. கேள்வியின் உருவமே விடையின் உருவத்தை வரையறுத்தது. திருவிதாங்கூரில் நம் பெண்மக்கள் மேலாடை அணிதல் குறித்து எழுந்த கலகத்தின் முடிவிலும் இதுவே நேர்ந்தது. 1859 ஜூலையில் மகாராஜா விடுத்த பிரகடனம் அவர்கள் மார்பை மறைத்துக்கொள்ளலாம் என்றது. ஆயினும் உயர்குலப் பெண்டிர் அணியும் முறையில் அணிதலாகாது என்றது. மானத்தைக் கொடுத்தும், அதன் மேலேயே படியின் அடையாளத்தைப் பொறித்தும் விட்ட விசித்திரமான சட்டம் அது. துணியின் மடிப்பிலும் சாதியைத் தைக்கலாம் என்பதை அதற்குமுன் யார் கண்டார்கள்!

ஹைகோர்ட்டுத் தீர்ப்பின் இறுதியில் நீதிபதிகள் கூறிய அறிவுரையொன்று உண்டு. அதன் கருத்து இது: இக்குலத்தாருட் பலர் பழந்தொழிலை விட்டுக் கல்வியாலும் உழைப்பாலும் சிக்கனத்தாலும் நன்னிலை எய்தியுள்ளனர், அவர்தம் முன்னேற்ற விருப்பத்தின்பால் இரக்கம் தோன்றுதல் இயல்பே, ஆயினும் ஏனைச் சாதியார்க்கு நிலைபெற்ற உரிமையில் அவர் புகுதல் கூடாது, அவர்க்குத் தம் சொந்தக் கோயில்கள் உள, செல்வமும் தொகையும் கல்வியும் உடைமையால் தம் வழியிலேயே அவர் உயரலாம். இவ்வுரையை வெறுப்பு என்று கூறுதல் இயலாது. நயமான சொற்களே, ஆதலினாற்றான் அதனைக் கூர்ந்து நோக்க வேண்டும். ஒருவர் வீட்டுக்குள் மற்றொருவர் புகுதல் தகாது என்பது ஒப்பத்தக்கது. கோயில் யார் வீடு? அதனை ஒருசாரார் உடைமை என்று முன்னரே வைத்துக்கொண்டதனாலன்றோ 'பிறர் உரிமையில் புகுதல்' என்னும் தொடர் பிறந்தது! நிறுவவேண்டியதனையே நிறுவப்பட்டதாக எடுத்துக்கொண்ட பிழை அந்நயமான சொற்களுக்குள் மறைந்து கிடக்கின்றது.

இவ்வழக்கில் மிகவும் அரிய பகுதி இனித்தான் வருகின்றது. மேல்முறையீட்டுக் காலத்தில் பாஸ்கர சேதுபதி மனம் மாறி, நம்மவரோடு சமாதான உடன்படிக்கை செய்துகொள்ள முன்வந்தார். கோயிலுள் அவரை ஏற்பதற்கு இசைந்தார். சுவாமி விவேகானந்தர் 1893-இல் அமெரிக்கா செல்லத் துணைநின்றவரும், பாண்டித்துரைத் தேவர் 1901-இல் மதுரையில் தமிழ்ச் சங்கம் நிறுவியபோது ஆதரித்தவரும் ஆகிய அவரை, வழக்குத் தொடுத்தவர் என்ற ஒன்றையே கருதித் தூற்றுவோர் இந்த இரண்டாம் செயலையும் எண்ணிப் பார்த்தல் கடன். எதனால் இசைந்தார் என்று அவர் நெஞ்சினுட் புகுந்து கூற நான் துணியேன். இசைந்தார் என்பதே நமக்கு வேண்டுவது.

அவ்வுடன்படிக்கையை நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆகமத்தாலும் கோயில் வழக்காற்றாலும் உள்ளே புகும் உரிமை இல்லாதவரை அனுமதிக்க இசையும் தர்மகர்த்தர், தம்மிடம் ஒப்படைக்கப்பட்ட நம்பிக்கையைக் கெடுத்தவர் ஆவர் என்பது ஹைகோர்ட்டின் முடிபு; பிரிவி கௌன்சிலும் அதனையே கொண்டது. சேதுபதி 1903-இல் காலமானார். தந்தையார் இசைந்ததற்கு மாறாக, அவர் மைந்தர் இராஜராஜேசுவர சேதுபதியின் பெயரே எதிர்த்தரப்பாக அவ்வழக்கின் தலைப்பில் இன்றுவரை நிற்கின்றது. கதவை அடைத்தபோது மன்னர் தம் கடமையைச் செய்தவர் ஆனார். திறக்க முற்பட்டபோது கடமை தவறியவர் ஆனார்.

இம்முடிபை எடுத்த எடுப்பில் இகழ்தல் எளிது. இதன் பக்கத்து நியாயத்தையும் முதலில் நாடுவோம். தர்மகர்த்தர் என்பவர் உடையவர் அல்லர், காவலர். உடையவன் தன் பொருளைத் தன் விருப்பம்போல் ஆளலாம், காவலன் ஆளலாகாது. இன்று இரக்கத்தால் ஒரு விதியைத் தளர்த்த அவர்க்கு அதிகாரம் உண்டென்றால், நாளை கோபத்தாலோ கையூட்டாலோ ஒரு விதியை இறுக்கவும் அதிகாரம் உண்டாம். பொதுச்சொத்தை ஒருவர் கையில் ஒப்புவிக்கும்போது அவர் மனம்போன போக்கிற்கு அணையிட்டு வைத்தல், எளியவர்க்கே பெரும்பாலும் அரணாகும். நம் உறவின்முறைகளில் மகமைப் பணத்தைக் கையாள்வோர்க்கு நாம் எத்தனை கட்டுப்பாடு விதிக்கின்றோம்! காரியதரிசி நல்ல எண்ணத்தால் செய்தேன் என்றாலும் கணக்குக் கேட்காமல் விடுகின்றோமா? ஆகவே அவ்விதியின் எலும்பு நல்லெலும்பே.

பிழை எங்கே எனின், யாருக்காக ஒப்படைக்கப்பட்டது என்னும் வினாவில் உள்ளது. காவலன் கடமை, யாருக்காகக் காக்கின்றானோ அவர் நலம் பற்றியது. கோயில் இறைவன் அடியார் அனைவர்க்கும் உரியது என்று கொண்டால், புறத்தே நின்று கும்பிட்டவரும் அடியாரே. அவர் நலத்தையும் காத்தல் தர்மகர்த்தர் கடமையே. அவரை விலக்கியதே நம்பிக்கைக் கேடு என்றாகும். அடியாருள் ஒரு பகுதியாரே உரியவர் என்று கொண்டால் தீர்ப்பு சரியாகும். இவ்விரண்டில் எதனைக் கொள்வது என்பது சட்டநூல் கூறத்தக்கதன்று. அஃது அறத்தைச் சார்ந்த தெரிவு. அந்தத் தெரிவைச் செய்துகொண்டே, தெரிவு எதுவும் செய்யவில்லை, வழக்காற்றை மட்டும் பின்பற்றினோம் என்று மன்றத்தார் கருதினர்.

திருக்குறளுக்கு உரைகண்ட பரிமேலழகர், அறத்தை ஒழுக்கம், வழக்கு, தண்டம் என மூன்றாகப் பகுத்தார். அவற்றுள் வழக்கும் தண்டமும் உலகநெறியை நிறுத்துதற்குப் பயன்படுவன. மக்களுயிர்க்கு உறுதி பயப்பது ஒழுக்கமே என்று கூறி, வள்ளுவர் ஒழுக்கத்தையே அறமாக எடுத்தார் என்று விளக்கினார். அவ்வொழுக்கத்தை வருணத்தோடு பிணைத்து அவர் கூறியது நமக்கு உடன்பாடன்று என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகின்றேன். உரையாசிரியரை வணங்கிக்கொண்டே மறுத்தலும் தமிழ் மரபுதான். ஆயினும் நீதிமன்றத்தில் வெல்லுவதனை அறத்தின் முழுமையாக எண்ணாமல், அதன் ஒரு கூறாக மட்டும் வைத்த அவர் பகுப்பு நுட்பமானது. கமுதி வழக்கில் தோற்றது வழக்கு. அறம் தோற்றதென்று யாரும் எழுதவில்லை.

தோற்றபின் நம்மவர் செய்தது என்ன? தீர்ப்பை மீறி மறுபடியும் உள்ளே பாயவில்லை. தீர்ப்பை நியாயம் என்று ஒப்பவும் இல்லை. விருதுநகரில் 1889-இலேயே க்ஷத்திரிய வித்தியாசாலை எழுந்திருந்தது. மேலும் பல பள்ளிகளும் சொந்தக் கோயில்களும் மகமைப் பொருளால் எழுந்தன. 1910-இல் நாடார் மகாஜன சங்கம் தோன்றிற்று. தீர்ப்புகளில் நம்மைக் குறித்த பழம்பெயர் நீங்கி, 1921 மக்கட்கணக்கெடுப்பில் நாடார் என்னும் பெயரை அரசாங்கம் ஏற்றது. இவையெல்லாம் ஒருவகையில் அந்நீதிபதிகள் சொன்ன 'தம் வழியில் உயர்தல்' தான். எனினும் அடைத்த கதவு அடைத்தபடியே இருந்தது. சொந்தக் கோயில் கட்டிக்கொள்ளுதல் வயிற்றுக்குச் சோறு. கதவு திறத்தல் மானத்திற்கு விடை. ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

கதவு திறந்தது வேறு திசையிலிருந்து. 1936 நவம்பர் 12-இல் திருவிதாங்கூர் மகாராஜா தம் அரசாங்கத்தைச் சேர்ந்த கோயில்களை இந்துக்கள் அனைவர்க்கும் பிரகடனத்தால் திறந்தார். ஆடையின் முறையை அளந்து கொடுத்த அதே அரசு அது. எழுபத்தேழு ஆண்டுகளில் அவ்வளவு தூரம் வந்தது. பின் 1939 ஜூலை 8-ஆம் நாள் மதுரையில் வைத்தியநாத ஐயர் தலைமையில் ஒரு சிறு குழுவினர் மீனாட்சியம்மன் கோயிலுள் நுழைந்தனர். அக்குழுவில் தாழ்த்தப்பட்டார் ஐவரும் நம் குலத்தார் ஒருவரும் இருந்தனர். பின்னாளில் அமைச்சராகிய கக்கன் அவ்வைவருள் ஒருவர். கமுதியில் 1897-இல் நம்மவர் தாமாகத் தனித்துப் புகுந்தனர். மதுரையில் 1939-இல் நம்மவர் ஒருவர் தமக்குக் கீழ்ப்படியினர் என்று உலகம் சொன்னவரோடு தோளோடு தோள் சேர்ந்து புகுந்தார். 'நாங்கள் மேற்படி' என்ற பழைய வாதத்தை மறுத்தற்கு அதனினும் சுருக்கமான விடை இல்லை.

அர்ச்சகருட் சிலர் பூசை செய்ய மறுத்தனர். கோயில் அதிகாரி மீது வழக்குகள் எழும் நிலை வந்தது. 1908-ஆம் ஆண்டுத் தீர்ப்பு அப்பொழுதும் உயிரோடிருந்தது என்பதை மறவாதீர்கள். உள்ளே விட்ட அதிகாரியும் தர்மகர்த்தரும் நம்பிக்கைக் கேட்டிற்குப் பொறுப்பாவர். இராஜகோபாலாச்சாரியார் அமைச்சரவை உடனே அவசரச் சட்டம் பிறப்பிக்கச் செய்து, அவ்வாண்டே அதனைச் சட்டமாகவும் நிறைவேற்றிற்று. அச்சட்டத்தின் பெயரைத் தமிழில் கூறின் 'ஆலயப் பிரவேச அனுமதி மற்றும் பொறுப்பு நீக்கச் சட்டம்' என்றாகும். அனுமதி என்பது விளங்கும். பொறுப்பு நீக்கம் ஏன் எனின், அதற்கு விடை கமுதி வழக்கே. பாஸ்கர சேதுபதி எந்தச் செயலுக்காக நம்பிக்கை கெடுத்தவர் எனப்பட்டாரோ, அந்தச் செயலைச் செய்தவரைக் காத்தற்கு முப்பத்தொரு ஆண்டு கழித்துச் சட்டமன்றம் ஒரு சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. நுழைந்தது முன், சட்டம் பின். சட்டத்தை மீறியே சட்டம் திருத்தப்பட்டது என்பார்க்கு இந்நிகழ்ச்சி துணையாகும். திருத்த வல்ல சட்டமன்றம் ஒன்று இருந்தமையாலன்றோ மீறியது பயன்பட்டது என்பார்க்கும் அதுவே துணையாகும். 1897-இல் அத்தகைய மன்றம் நமக்கு இல்லை. ஆகவே அன்றைய மீறல் வழக்காய் முடிந்தது. 1939-இன் மீறல் சட்டமாய் முடிந்தது. இரண்டிலும் துணிவு ஒன்றே என்பது என் எண்ணம்.

1947-இல் சென்னை மாகாணம் முழுதுக்கும் ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது. 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 17-ஆம் விதி தீண்டாமையை ஒழித்தது. 25-ஆம் விதி பொதுத்தன்மையுள்ள இந்துக் கோயில்களை எல்லாப் பிரிவினர்க்கும் திறந்துவிட அரசுக்கு அதிகாரம் தந்தது.

நமக்கு மிக அணித்தான தீர்ப்பு 1957-இல் வந்தது. தென்கன்னடத்து மூல்கி வேங்கடரமணர் கோயில், கௌட சாரஸ்வதப் பிராமணர் தமக்கென நிறுவியது. எங்கள் குலத்திற்காக நாங்கள் கட்டிய கோயில், எங்கள் மத உட்பிரிவின் காரியங்களை நாங்களே நடத்த அரசியலமைப்பு இடந்தருகின்றது என்று அவர்கள் வாதித்தனர். அக்கோயில் அப்பிரிவினர்க்கென நிறுவப்பட்டது என்பதைச் சுப்ரீம் கோர்ட்டு ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்டும், அவ்வுரிமை பொதுமக்கள் உள்ளே புகும் உரிமைக்கு உட்பட்டதே என்றும், சில சிறப்புச் சடங்குகளை மட்டும் அப்பிரிவினர் தமக்கென வைத்துக்கொள்ளலாம் என்றும் தீர்ப்புரைத்தது. அத்தீர்ப்பில் நம் கமுதி வழக்கும் எடுத்துப் பேசப்பட்டது.

இதனை ஏன் நமக்கு அணித்தானது என்றேன் எனின், 'அவர்க்குத் தம் சொந்தக் கோயில்கள் உள' என்று நம்மை நோக்கிச் சொல்லப்பட்ட அச்சொந்தக் கோயில்களின் தர்மகர்த்தர் இன்று நாமே. ஊர்தோறும் உறவின்முறைக் கோயில்களின் சாவி நம் முறைகாரர் இடுப்பில் இருக்கின்றது. நம் அம்மன் கோயில் கொடையன்று வேற்றுக்குலத்தார் ஒருவர் படியேறி வந்தால் நம் கண்கள் எப்படிப் பார்க்கின்றன என்பதை ஒவ்வோர் ஊராரும் தத்தம் அளவில் அறிவர். 'இது எங்கள் மகமையில் கட்டியது. எங்கள் வழக்கம் இது' என்னும் சொற்கள் நம் வாயில் வருமாயின், அவை எந்தச் சாட்சிக்கூண்டிலிருந்து முதலில் கேட்கப்பட்டன என்பது நம் நினைவுக்கு வரவேண்டும். தர்மகர்த்தர் தேர்தலுக்கு நிற்போர் இதுபற்றித் தம் கருத்தை உறவின்முறைக் கூட்டத்தில் வெளிப்படையாகக் கூறும்படி கேட்டல் தவறாகாது என்று கருதுகின்றேன்.

கமுதி வழக்குக் காலத்துக் கடிதங்கள், மகமைக் கணக்கேடுகள், அச்சிட்ட துண்டுத்தாள்கள் முதலியன நம் பழைய வீடுகளின் பரண்களில் இன்னும் கிடத்தல் கூடும். கரையான் வாய்ப்படுமுன் அவற்றையேனும் அவற்றின் நகலையேனும் சங்க அலுவலகத்திற்கு அனுப்புவோர்க்கு நன்றியுடையேன். உறவின்முறைக் கோயில்களின் பழைய தர்மசாசனங்களில் 'இக்கோயில் இன்னாருக்குரியது' என்று எழுதப்பட்டுள்ள வாசகத்தைப் படியெடுத்து அனுப்பினால் பெரிதும் உதவியாகும். ஒவ்வோர் ஊரிலும் அவ்வாசகம் எவ்வாறு அமைந்துள்ளது என்பதைத் தொகுத்து, பின்னொரு திங்களில் எழுத எண்ணியுள்ளேன்.